டிக்கித் தளத்துக்குள் ஆடியோ: உயர்த்திய தளமா, ஸ்டெப்னிக் குழியா, பக்கவாட்டுப் பெட்டியா?

நான் முதன்முதலில் செய்த டிக்கித் தளம் பார்க்க நன்றாகவே இருந்தது. 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒரே துண்டாக, மேலே கறுப்பு கார்பெட், நடுவில் வட்டமாக வெட்டிப் பொருத்திய சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர்), இரண்டு பக்கமும் ஆம்ப்ளிஃபயர்கள். பத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தேன். மூன்றாவது மாதம், ராத்திரி மழையில் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி அந்தப் பலகைக்கு அடியில் இருந்தது. பெட்டிகளையெல்லாம் ரோட்டோரம் இறக்கி, போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றி, பலகையைத் தூக்கினால் ஸ்பீக்கர் வயரும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. டயரை மாற்றப் பதினைந்து நிமிடம் ஆனது. ஸ்டெப்னியை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம். வீட்டில் எல்லோரும் அதுவரை நனைந்தபடி நின்றார்கள்.

அதனால் இப்போது யார் வந்து ஆலோசனை கேட்டாலும், எத்தனை வாட்ஸ், எந்த பிராண்டு என்பதற்கெல்லாம் முன்னால் ஸ்டெப்னியைப் பற்றித்தான் கேட்கிறேன். டிக்கித் தளத்தை எப்படிச் செய்வது என்ற முடிவு உண்மையில் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் கிளை பிரிகிறது. ஸ்டெப்னி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமானால் தளத்தை உயர்த்தி, இடையில் கிடைக்கும் இடத்தில் கருவிகளை வைக்க வேண்டும். ஸ்டெப்னியைக் கொடுக்கத் தயார் என்றால் அந்தக் குழியே சப்வூஃபர் பெட்டி ஆகிவிடும், தளம் பழைய மட்டத்திலேயே இருக்கும். இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்குப் பின்சக்கர வளைவுக்குப் பின்னால் உள்ள பக்கவாட்டுப் பொந்து இருக்கிறது.

மூன்றில் எது நன்றாகப் பாடும் என்றுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். ஒரே சப்வூஃபர், ஒரே கொள்ளளவு, காற்றுப் புகாத மூடிய பெட்டி என்று வைத்துக்கொண்டால் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே பேஸ்தான் வரும். ஸ்பீக்கரின் கூம்புக்குப் பின்னால் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல வேலை செய்கிறது. எட்கர் வில்ச்சர் 1954-இல் வீட்டு ஸ்பீக்கருக்காகச் செய்து காட்டிய அதே தத்துவம்தான். அந்த ஸ்பிரிங்குக்குப் பெட்டி சதுரமா, எண்கோணமா, கோணல்மாணலா என்று தெரியாது. எத்தனை லிட்டர் காற்று என்பது மட்டும்தான் தெரியும். சப்வூஃபருடன் வரும் தாளில் கியூடிஎஸ் (Qts), விஏஎஸ் (Vas) என்று இரண்டு எண்கள் இருக்கும். விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கியூடிஎஸ்ஸால் பெருக்குங்கள். கியூடிஎஸ் 0.45, விஏஎஸ் 40 லிட்டர், பெட்டி 25 லிட்டர் என்றால் விடை 0.73 வரும். 0.7-ஐ ஒட்டி வந்தால் பேஸ் சீராக இருக்கும். 1-ஐத் தாண்டினால் ஒரு சுருதியில் மட்டும் தூக்கி அடித்து, ‘டும் டும்’ என்று ஒரே மாதிரி கேட்கும். இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். பலகை வெட்டிய பிறகு லிட்டரைக் கூட்ட வழி கிடையாது.

மூடிய பெட்டி காருக்குப் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காருக்குள் இருக்கும் வெளி மிகச் சிறியது. உள் நீளம் 3 மீட்டர் என்றால், ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே காருக்குள் அலை பயணிப்பதற்குப் பதிலாக மொத்தக் காற்றும் சேர்ந்து அழுத்தப்படுகிறது. அதனால் அங்கிருந்து கீழே போகப் போக பேஸ் தானாகவே உயரும். மூடிய பெட்டியோ அதே பகுதியில்தான் குறையத் தொடங்கும். ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடுகிறது. டிக்கியும் பயணிகள் பகுதியும் ஒன்றாக இருக்கும் ஹேட்ச்பேக்கில் இது முழுமையாகக் கிடைக்கும். செடானில் பின்சீட்டும் அதன் பின்னாலுள்ள தகடும் நடுவில் நிற்பதால் கொஞ்சம் இழப்பு இருக்கும். போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டி சத்தம் கூடுதலாகத் தரும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அதிகக் கொள்ளளவும் நீளமான போர்ட்டும் வேண்டும். தளத்துக்கு அடியில் அந்த இடம் கிடைப்பது அபூர்வம்.

சப்வூஃபரை மேல்நோக்கிப் படுக்க வைத்தால் கூம்பு நாளடைவில் தொங்கிவிடும் என்று ஒரு பயம் பலருக்கும் இருக்கிறது. கணக்குப் போட்டால் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. 30 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும் சப்வூஃபர் தன் எடையால் கீழே இறங்குவது 0.3 மி.மீ.கூட வராது. மேலும் கீழும் 10 மி.மீ. ஆடக்கூடிய கூம்புக்கு அது ஒன்றுமே இல்லை.

ஆக, ஒலியை வைத்து முடிவெடுக்க அதிகம் எதுவுமில்லை. நீங்கள் எதை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

உயர்த்திய தளம்

இதில் விட்டுக்கொடுப்பது உயரம். டிக்கித் தரையிலிருந்து பின்னாலுள்ள பார்சல் தட்டு வரை 50 செ.மீ. இருக்கிறது, தளத்தை 15 செ.மீ. உயர்த்துகிறோம் என்றால் முப்பது சதவீத இடம் போய்விட்டது. பெரிய சூட்கேஸை நிறுத்தி வைக்க முடியாது, படுக்க வைக்கலாம்.

அந்த 15 செ.மீ.யில் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். மேல்மூடிக்கு 12 மி.மீ., பெட்டியின் மேல், கீழ்ப் பலகைகளுக்கு இன்னொரு 24 மி.மீ., கூம்பு ஆடிவர கிரில் எனும் வலைமூடிக்குக் கீழே 24 மி.மீ. போனால், பெட்டிக்கு உள்ளே 90 மி.மீ. உயரம் மிஞ்சும். 70 செ.மீ.க்கு 40 செ.மீ. உள்ளளவு வைத்தால் 25 லிட்டர். 10 அங்குல சப்வூஃபர் பலவற்றுக்கும் இது போதுமான அளவு. ஆனால் சாதாரண 10 அங்குலத்துக்கு 13 முதல் 15 செ.மீ. ஆழம் வேண்டும், அது இங்கே இறங்காது. ஆழம் குறைந்த ‘ஷாலோ’ வகை, அதாவது ஏறத்தாழ 8 செ.மீ. ஆழம் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். அதற்குப் பின்னாலும் காந்தத்துக்கும் அடிப்பலகைக்கும் இடையே 2 செ.மீ. காற்றிடைவெளி வேண்டும். காந்தத்தின் நடுத்துளை மூச்சு விடும் இடம் அது, அடைத்துவிட்டால் சுருள் சூடேறும்.

முதல் தளத்தில் நான் செய்த தவறு, எல்லாவற்றையும் ஒரே பலகையில் கோத்தது. இப்போது மூன்று தனித்தனிப் பகுதிகளாகச் செய்கிறேன். சுற்றிலும் ஒரு நிலையான சட்டம். அதன் இரண்டு பக்க அறைகளில் ஆம்ப்ளிஃபயரும் ஃப்யூஸ் பெட்டியும் இருக்கும், இவற்றை எப்போதும் கழற்றத் தேவையில்லை. நடுவில் ஸ்டெப்னிக்கு மேலே சப்வூஃபர் பெட்டி, ஆனால் அது தனிப் பெட்டி. ஸ்டெப்னியை இறுக்கும் நடு போல்ட்டையே நீளமானதாக மாற்றி அதனாலும், இரண்டு பக்கமும் சட்டத்தோடு கையால் திருகும் குமிழ்களாலும் இறுக்கியிருக்கும். அந்த போல்ட் வரும் இடத்தில் பெட்டிக்குள் ஒரு குழாயை நிறுத்திச் சுற்றிலும் ஒட்டிவிட்டால் காற்றுக் கசியாது. ஸ்பீக்கர் வயருக்கு ஸ்பீக்கான் கனெக்டர், ஒரு திருகு திருகினால் கையோடு வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே கார்பெட் ஒட்டிய மூடி, ஸ்க்ரூ இல்லாமல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். 12 மி.மீ. பிளைவுட்டில் அந்தப் பெட்டி ஏழு கிலோ, சப்வூஃபர் ஐந்தாறு கிலோ என்று வைத்தால் மொத்தம் 13 கிலோ. ஒருவரே தூக்கி வெளியே வைக்கலாம். மூடியைத் தூக்கி, குமிழ்களைக் கழற்றி, பெட்டியை எடுத்து, ஸ்டெப்னி கைக்கு வர எனக்கு நான்கு நிமிடம் ஆகிறது.

சட்டத்தின் கால்களைப் பிளைவுட்டைச் செங்குத்தாக நிறுத்தி, 35 முதல் 40 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். இடைவெளி கூடினால் 12 மி.மீ. மூடி சாமான் எடையில் குழியும், குழிந்த மூடி கிரில்லைத் தொட்டுக் கிரிச்சிடும். மூடியும் சட்டமும் சந்திக்கும் விளிம்பு முழுக்க ஃபெல்ட் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஸ்டெப்னிக் குழி

குழியில் பெட்டி வைத்தவர்கள் டிக்கியைத் திறந்து காட்டும்போது ஒரு பெருமிதம் தெரியும். நியாயமான பெருமிதம்தான். தளம் கம்பெனியில் வந்த மட்டத்திலேயே இருக்கும், சாமான் இடம் ஒரு செ.மீ.கூடக் குறையாது, சப்வூஃபர் இருப்பதே வெளியே தெரியாது. 60 செ.மீ. விட்டம், 20 செ.மீ. ஆழமுள்ள குழிக்கு மொத்தக் கொள்ளளவு 56 லிட்டர். வெளியே எடுக்கும் ஸ்டெப்னியின் எடைக்கும் உள்ளே போகும் பெட்டியின் எடைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, அதனால் காரின் பின்புறம் தாழாது. இத்தனை நல்லதுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் விலை ஸ்டெப்னி.

டியூப்லெஸ் டயரில் ஆணி குத்தினால் பஞ்சர் கிட்டை வைத்துச் சமாளித்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் எந்த கிட்டும் உதவாது. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு அது ஒரு போன் அழைப்போடு தீரும் பிரச்சினை. ராத்திரியில் நெடுந்தூரம் குடும்பத்தோடு போகிறவருக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன். ஸ்டெப்னிக்குப் பதிலாகச் சீலன்ட் பாட்டிலும் கம்ப்ரசரும் மட்டும் கொடுக்கும் கார் என்றால் கதை வேறு. அங்கே குழி ஏற்கெனவே காலி, யோசிக்க ஒன்றுமே இல்லை, அதைப் பயன்படுத்துங்கள்.

குழி என்றாலே ஃபைபர்கிளாஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். குழிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, மேலே அலுமினியத் தாள் பரப்பி, ரிலீஸ் மெழுகு பூசி, கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் மாற்றி மாற்றி வைப்பது வழக்கம். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள பாய் ஒரு அடுக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் தடிமன் தரும். சப்வூஃபர் பெட்டிக்கு 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஆக ஆறேழு அடுக்கு. அவசரப்பட்டு ஒரே மூச்சில் போட்டால் ரெசின் இறுகும்போது வரும் சூட்டில் வளையும், விரிசல் விடும். இரண்டு அடுக்கைக் காரில் போட்டு, காய்ந்ததும் வெளியே எடுத்து, மீதியைத் திறந்த வெளியில் போடுவதுதான் சரி. ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி நெடி மட்டுமில்லை, உடம்புக்குக் கெடுதல். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கேட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டர் வேண்டும். காருக்குள் அந்த நெடி பல நாள் நிற்கும்.

இவ்வளவு பாடு தேவையா என்று யோசித்துத்தான் ஒரு நண்பரின் காருக்கு எண்கோணப் பெட்டி செய்தோம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 54 செ.மீ. வைத்தால் மூலைக்கு மூலை 58.4 செ.மீ. வரும், 60 செ.மீ. குழியில் சுலபமாக இறங்கும். எட்டுச் சுவர்களும் 12 மி.மீ. பிளைவுட், ஒவ்வொரு விளிம்பும் 22.5 டிகிரிச் சரிவில் வெட்டியது. உள் உயரம் 15 செ.மீ., உள் கொள்ளளவு 33 லிட்டர். சப்வூஃபர் பிடிக்கும் இடம் இரண்டு லிட்டர் போனாலும் 31 மிஞ்சும். ஆழமான சாதாரண 10 அங்குலமே இதில் உட்காரும், ஷாலோ வகையைத் தேட வேண்டியதில்லை. ஃபைபர்கிளாஸில் இன்னும் சில லிட்டர் கூடுதலாகக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். குழி வட்டமாக இருக்கும் காருக்கு ஃபைபர்கிளாஸ் செய்யச் சொல்லி நான் இனி யாரையும் தூண்டமாட்டேன். குழி ஒழுங்கற்ற வடிவில் இருந்தால் வேறு வழியில்லை. அப்படிச் செய்யும்போது கொள்ளளவை அளக்க, தெர்மாகோல் உருண்டைகளை லிட்டர் கணக்கில் அளந்து கொட்டி நிரப்பிப் பாருங்கள்.

குழியில் எதையும் வைக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு. தண்ணீர் இறங்கும் கடைசி இடம் அதுதான். பின்விளக்கு ரப்பரோ டிக்கிக் கதவின் பீடிங்கோ கசிந்தால் சொட்டுச் சொட்டாக அங்கேதான் தேங்கும். குழியைக் காயத் துடைத்து, ஹோஸ் பைப்பால் காரின் பின்புறம் பத்து நிமிடம் தண்ணீர் அடித்து, பிறகு கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஸ்டெப்னியை விடவும் மனமில்லை, உயரத்தை இழக்கவும் மனமில்லை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது: ஸ்டெப்னியின் ரிம்முக்கு உள்ளேயே உட்காரும் ஆம்ப்ளிஃபயர் சேர்ந்த சப்வூஃபர். நடு போல்ட்டிலேயே இறுகிவிடும். நெஞ்சைத் தட்டும் பேஸ் வராது. ஆனால் கதவு ஸ்பீக்கர்களில் இல்லாத அடித்தளம் பாட்டுக்குக் கிடைக்கும். பலருக்கு உண்மையில் வேண்டியதும் அதுதான்.

பக்கவாட்டுப் பெட்டியைப் பற்றி எனக்குச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. 8 அங்குலமோ, கொள்ளளவு குறைவாகக் கேட்கும் 10 அங்குலமோ ஒன்று போதும் என்பவர்களுக்கு அது பொருந்தும். ஃபைபர்கிளாஸ் இல்லாமல் செய்வது கடினம். பிளாஸ்டிக் டிரிம்முக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கழற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு பக்கம் பெட்ரோல் ஊற்றும் குழாய் போகும். பின்விளக்கு பல்பு மாற்றும் வழி இருக்கும். கதவைச் சாத்தும்போது உள்காற்று வெளியேறும் ரப்பர் மடிப்புகள் உள்ள திறப்பும் பல கார்களில் அங்கேதான் இருக்கும். அந்தத் திறப்பை அடைத்தால் கண்ணாடியில் ஆவி படியும், கதவு அறைந்து சாத்தினால்தான் மூடும்.

பலகை, பிடிமானம், சூடு

எம்.டி.எஃப்.பா பிளைவுட்டா என்ற விவாதத்தில் வீட்டு ஸ்பீக்கர் செய்பவர்கள் எம்.டி.எஃப். பக்கம் நிற்பார்கள். வீட்டுக்கு அது சரி. காருக்கு நான் பிளைவுட் பக்கம். 18 மி.மீ. எம்.டி.எஃப். ஒரு சதுர மீட்டர் 13 கிலோ வரும், 12 மி.மீ. பிர்ச் பிளைவுட் 8 கிலோ. எட்டுக்கு நாலடி ஷீட் ஒன்றில் இந்த வித்தியாசம் ஏறத்தாழ 15 கிலோ ஆகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஈரம். எம்.டி.எஃப். தண்ணீர் குடித்தால் ஊதிப்போகும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. விளிம்பில் போட்ட ஸ்க்ரூ பிளந்துகொண்டு வரும். சப்வூஃபர் மாட்டும் முன்பலகைக்கு மட்டும் தடிமன் வேண்டுமென்றால் இரண்டு 12 மி.மீ. பிளைவுட்டைச் சேர்த்து ஒட்டுங்கள். எதில் செய்தாலும் அறுக்கும்போது தூசு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

பிடிமானத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல 14 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 30 கிலோ தளம் 420 கிலோவாகப் பின்சீட்டை முட்டும், அந்தச் சீட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கலாம். கார்பெட்டின் உராய்வும் மெல்லிய தகட்டில் போட்ட நாலு ஸ்க்ரூவும் அதைத் தாங்காது. கம்பெனியே கொடுத்திருக்கும் சாமான் கட்டும் கொக்கிகளின் மரைத்துளை, ஸ்டெப்னி போல்ட் ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். புதிதாகத் துளை போட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஹைபிரிட் காராக இருந்தால் ஆரஞ்சு நிற உயர்மின்னழுத்தக் கேபிள். துளையின் விளிம்புக்குத் துருத்தடுப்பு பெயின்ட், அடியில் அகலமான வாஷர். குழந்தை இருக்கையின் மேல்பட்டியை மாட்டும் கொக்கி டிக்கித் தரையில் இருந்தால் அதைத் தளம் மறைக்கவே கூடாது.

ஆம்ப்ளிஃபயரைத் தளத்துக்குள் புதைக்கப் போகிறீர்கள் என்றால் கிளாஸ் டி வகையே வாங்குங்கள். வாங்கும் மின்சாரத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஸ்பீக்கருக்கு அனுப்பும், மீதிதான் சூடு. பழைய கிளாஸ் ஏபி வகை முழு வீச்சில் பாடும்போதே ஏறத்தாழ பாதியைச் சூடாக்கிவிடும். மேலே 5 செ.மீ. இடைவெளி, ஒரு ஓரத்தில் காற்று நுழையவும் எதிர் ஓரத்தில் வெளியேறவும் வழி, முடிந்தால் சின்ன 12 வோல்ட் ஃபேன். சில கார்களில் பேட்டரியே டிக்கியில் இருக்கும். அதன் வாயு வெளியேறும் குழாயை நசுக்கிவிடாமல், பேட்டரி அறையையும் ஆம்ப் அறையையும் தனித்தனியாக வையுங்கள்.

வயரிங் எந்தத் தளத்துக்கும் ஒன்றுதான். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃப்யூஸ். 1000 வாட்ஸுக்கு 90 ஆம்பியர் வரை இழுக்கும், அதற்கு முழுச் செம்பில் 4 கேஜ் வயர். எர்த் வயர் குட்டையாக, பெயின்டைச் சுரண்டிய தகட்டில் நேரடியாக.

அப்புறம் எதைத்தான் எடுப்பது? நெடுந்தூரம் போகிற குடும்பத்துக் கார், முழு அளவு ஸ்டெப்னி இருக்கிறது என்றால் உயர்த்திய தளம், கழற்றக்கூடிய நடுப்பெட்டியோடு. ஸ்டெப்னியே இல்லாமல் வந்த காருக்கும், ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்கும் குழியில் எண்கோணப் பெட்டி. வாடகைக்கு எடுத்த கார், இரண்டு வருடத்தில் விற்கப் போகும் கார் என்றால் ரிம்முக்குள் உட்காரும் சப்வூஃபரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தளத்தைத் தொட வேண்டாம்.

உயர்த்திய தளம் என்று முடிவெடுத்தால், பிளைவுட் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். 15 செ.மீ. உயரத்துக்கு அட்டைப் பெட்டிகளை டிக்கி முழுக்க அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டுவிட்டு இரண்டு வாரம் அப்படியே ஓட்டுங்கள். காய்கறிப் பை, குழந்தையின் தள்ளுவண்டி, ஊருக்குப் போகும் பெட்டி எல்லாம் ஏறி இறங்கட்டும். எனக்கு முதல் வாரத்திலேயே 15 என்பது 12 ஆனது, சப்வூஃபரும் 8 அங்குலமாக மாறியது.